ஆள் வெளிநாட்டில், நோட்டீஸ் வாசலில்: வாடகை நிலுவையில் வீட்டை விடச் சொன்னால் என்ன செய்வது

மச்சான் கட்டாருக்குப் போய் ஏழாம் மாதம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பக்கத்து வீட்டு அக்கா எனக்கு கோல் எடுத்தார். "தம்பி, உங்கட மச்சான்ர கேற்றுக்குள்ள என்வலப் கிடந்து நனையுது. கோட்டுக் கடுதாசி மாதிரிக் கிடக்கு." போய்ப் பார்த்தால் ஒன்றல்ல, மூன்று. வீட்டுக்காரரின் சட்டத்தரணி அனுப்பிய கடிதம் ஒன்று, தபால்காரர் போட்டுவிட்டுப் போன பதிவுத் தபால் துண்டு ஒன்று, மின்சார சபையின் சிவப்பு நோட்டீஸ் ஒன்று. ஐந்து மாத வாடகை கட்டப்படவில்லை. அங்கே சம்பளம் ஒழுங்காக வரவில்லையாம். வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

எங்கள் ஊரில் இது அபூர்வமான கதை இல்லை. ஒருவர் வீட்டை எடுப்பார், இன்னொரு தேசத்துக்குப் போவார், சாமான்கள் உள்ளே இருக்கும், கடிதங்கள் பூட்டிய கேற்றுக்குள் விழும். ஊரில் இருக்கும் தம்பியோ தங்கையோ மச்சானோ ஒருநாள் திடீரென்று இதைக் கையில் எடுக்க வேண்டி வரும். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. இரண்டு தடவை இந்தப் பாதையில் நடந்தவன், அவ்வளவுதான்.

முதலில் கடிதம் எது என்று பாருங்கள்

பதற்றத்தில் எல்லாக் கடிதமும் "கோட்டுக் கடிதம்" போலத் தெரியும். வீட்டுக்காரர் தானே எழுதியது, அவருடைய சட்டத்தரணி எழுதியது, நீதிமன்றம் அனுப்பியது என்று மூன்று வகை இருக்கிறது. முதல் இரண்டும் வந்திருந்தால் வழக்கு இன்னும் தொடங்கவில்லை, பேச இடம் இருக்கிறது. மூன்றாவது, அதாவது அழைப்பாணை வந்திருந்தால் அதில் ஒரு தவணைத் திகதி, அதாவது கோட்டுக்கு வர வேண்டிய நாள், இருக்கும். அந்தத் திகதிதான் இனி உங்கள் கலண்டர்.

கடிதத்தை மட்டுமல்ல, உறையையும் தபால் முத்திரைத் திகதி தெரிய படம் எடுத்து வையுங்கள். எப்போது அனுப்பப்பட்டது, எப்போது கையில் கிடைத்தது என்பது பிறகு பெரிய கேள்வியாகும். தபால் துண்டு இருந்தால் அன்றே தபாலகத்துக்குப் போய் விசாரியுங்கள். எடுக்காத பதிவுத் தபால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

இங்கே பலருக்கும் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு: கையெழுத்து வைத்து வாங்காவிட்டால் கடிதம் வந்ததாகவே ஆகாது என்று. அப்படியில்லை. அழைப்பாணை பதிவுத் தபாலில் வரும். அது சரிவராவிட்டால் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் கொண்டு வருவார். ஆளைக் காணவில்லை என்று அவர் அறிக்கை கொடுத்தால், வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். வழக்கும் தன் பாட்டில் போகும்.

பிறகு மச்சானிடம் ஒரேயொரு கேள்வி

வீடு வேணுமா, வேண்டாமா?

இதைக் கேட்காமலே பலர் சட்டத்தரணியிடம் ஓடுகிறார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வரப்போகிறவரின் பிரச்சினை வேறு, இனி அந்தப் பக்கமே வரமாட்டாதவரின் பிரச்சினை வேறு. வீடு வேண்டாம் என்றால் நீங்கள் காப்பாற்ற வேண்டியது சாமான்களையும் பெயரையும் அட்வான்ஸ் காசையும்தான். அதற்கு வழக்கு தேவையே இல்லை. என் மச்சான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு கிழமை எடுத்தார். அந்த இரண்டு கிழமையும் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

கையில் அதிகாரம் வேண்டும்

நீங்கள் தம்பியாக இருக்கலாம், மனைவியாகக்கூட இருக்கலாம். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளியாள். வீட்டுக்காரரோடு பேச வாட்ஸ்அப்பில் அவர் போட்ட வொய்ஸ் மெசேஜ் போதும். வீட்டை ஒப்படைக்க, நீதிமன்றத்தில் முன்னிலையாக, வழக்கில் தோன்ற சட்டத்தரணிக்கு அதிகாரம் தரும் பிறொக்சியில் கையெழுத்திட அது போதாது. அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ போய்க் கையெழுத்திட வேண்டும். கட்டார் என்றால் டோகா, கனடா என்றால் ஒட்டாவா அல்லது ரொறொன்ரோ. அதன் பிறகு இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். அற்றோணித் தத்துவங்கள் பற்றிய சட்டம் 1902ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். 2022இல் திருத்தி நடைமுறையை இறுக்கிவிட்டார்கள். அதனால் "முன்பு எங்கட சித்தப்பா இப்படித்தான் செய்தவர்" என்று பழைய மாதிரியை வைத்து எழுதாதீர்கள். உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசிடம் இன்றைய படிவத்தைக் கேட்டு அனுப்புங்கள்.

என் அபிப்பிராயம்: எல்லாவற்றுக்கும் அதிகாரம் தரும் பொது அற்றோணி எழுதுவிக்காதீர்கள், எழுதித் தந்தாலும் வாங்காதீர்கள். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எழுதுங்கள். வாடகை கட்டவும் பற்றுச்சீட்டு வாங்கவும், அறிவித்தல்களைப் பெறவும், சாமான்களை எடுக்கவும், வீட்டை ஒப்படைக்கவும், அந்த வழக்கில் முன்னிலையாகவும் என்று வரிவரியாக. யாழ்ப்பாணத்தில் பொது அற்றோணியால் பிரிந்த குடும்பங்களை எண்ணத் தொடங்கினால் விரல் போதாது.

தபாலில் மூலப்பிரதி வந்து சேர நாள் எடுக்கும். அதுவரை அவர் கைப்படக் கடிதம் எழுதி, கடவுச்சீட்டுப் பக்கத்தோடு ஸ்கான் பண்ணி வீட்டுக்காரருக்கு அனுப்பட்டும். "இந்த விடயத்தில் என் சார்பில் இவர் பேசுவார்" என்ற ஒரு வரியே பேச்சைத் தொடக்கி வைக்கும்.

எந்தச் சட்டத்தின் கீழ் இந்த வீடு?

சலிப்பான பகுதிதான், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். நோட்டீசுக்கு எத்தனை நாள், கோட்டில் எவ்வளவு பலம் என்பதெல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

முதலாவது, 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். இது குடியிருப்பவருக்கு நல்ல பாதுகாப்புத் தரும் சட்டம். ஆனால் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. 1980க்குப் பிறகு கட்டி வாடகைக்குக் கொடுத்த குடியிருப்பு வீடுகள் பெரும்பாலும் அதற்கு வெளியே. வண்ணார்பண்ணைப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீட்டில் இருபது வருடமாக இருப்பவருக்கு இந்தச் சட்டம் கைகொடுக்கலாம். கோண்டாவிலில் போன வருடம் ரைல்ஸ் போட்டு முடித்த மேல்மாடிக்கு கைகொடுக்காது.

அந்தச் சட்டத்துக்குள் வரும் வீட்டில், ஆள் ஊரில் இல்லாதவர் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. அது 28ஆம் பிரிவு. நியாயமான காரணம் இல்லாமல் தொடர்ந்து 6 மாதத்துக்குக் குறையாமல் வீட்டில் குடியிருக்காமல் விட்டால், வாடகை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும்கூட அதையே காரணமாக வைத்து வெளியேற்றக் கேட்கலாம். மனைவி பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள் என்றால் கதை மாறும். அப்போது வாக்காளர் இடாப்பு, விதானையாரின் (கிராம அலுவலரின்) வதிவிடச் சான்றிதழ், மாதாமாதம் ஓடிய மின்சாரப் பில், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு எல்லாம் ஆதாரம். உள்ளே தளபாடம் மட்டும் இருக்கிறது, மீற்றர் ஓடவில்லை என்றால் வாதாடுவது கஷ்டம். ஆள் இல்லாத வீட்டை இன்னொருவருக்குக் கைமாற்றி வாடகைக்கு விடும் யோசனையும் வேண்டாம். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் செய்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

வாடகைச் சட்டத்துக்கு வெளியே உள்ள வீடு என்றால் ஒப்பந்தம்தான் பேசும். இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். இரண்டு வருடத்துக்கு என்று வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, சமாதான நீதவானிடம் சீல் குத்தி வைத்திருப்போம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முடித்த உறுதிப் பத்திரமாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத தாளை வைத்துக் குடியேறி வாடகை கட்டி வந்திருந்தால் அது மாத வாடகைதான். "இரண்டு வருடம் முடியேல்லையே" என்ற வாதம் எடுபடாது.

மாத வாடகையை முடிக்க ஒரு முழு மாத முன்னறிவித்தல் வேண்டும், அதுவும் மாதக் கடைசியில் முடிய வேண்டும். வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 10இல் நோட்டீஸ் கிடைத்தால் அது ஏப்ரல் 10இல் முடியாது, ஏப்ரல் 30இல்தான் முடியும். எண்ணிப் பாருங்கள். பிழையான திகதி போட்ட நோட்டீஸ் வீட்டுக்காரரின் வழக்கைப் பலவீனமாக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி மல்லுக்கு நிற்க வேண்டாம், அவர் திருத்தி இன்னொன்று அனுப்புவார்.

நொத்தாரிசு உறுதி முடித்த குத்தகை என்றால் உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். குத்தகைக்குக் கொடுத்த வீட்டைத் திரும்ப எடுக்க 2023இல் ஒரு விசேட சட்டம் வந்திருக்கிறது. அதில் நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்தே முதலில் ஒரு தற்காலிகக் கட்டளை கொடுக்கும். எதிர்த்து வாதாடவே நீங்கள் அனுமதி கேட்க வேண்டிவரும். நாள் போக்காட்ட அங்கே இடமில்லை.

காசு கட்டும்போது

நிலுவை முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட முடிந்தால் கட்டுங்கள், முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். எப்படிக் கட்டினாலும் தடயம் இருக்க வேண்டும். வங்கி மூலம் போட்டு, குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். உண்டியலில் (வங்கியில்லாத வழியில்) வந்த காசைக் கையில் கொடுத்தீர்கள் என்றால் பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

பற்றுச்சீட்டில் என்ன சொல் எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். நோட்டீஸ் முடிந்த பிறகு வாங்கும் காசுக்கு விபரம் தெரிந்த வீட்டுக்காரர் "வாடகை" என்று எழுதமாட்டார், "நட்டஈடு" என்று எழுதுவார். வாடகை என்று வாங்கினால் திரும்ப வாடகைக்குக் கொடுத்ததாக நீங்கள் சொல்லக்கூடும் என்று அவருடைய சட்டத்தரணி சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த ஒரு சொல்லுக்காகச் சண்டை பிடிக்காதீர்கள், ஆனால் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

காசு வேண்டாம், வீட்டைத்தான் விடுங்கள் என்று அவர் மறுத்தால்? வாடகைச் சட்டத்துக்குள் வரும் வீடு என்றால், வாடகையை வாங்க உள்ளூராட்சி மன்றத்தில் அதிகாரம் பெற்றவரிடம் கட்டலாம். யாழ் நகருக்குள் என்றால் மாநகர சபையில் விசாரியுங்கள். மற்ற வீடுகளுக்கு, பணம் தர முன்வந்ததைப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்பி பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரை நேரில் பாருங்கள்

இதை இவ்வளவு பின்னால் சொல்கிறேனே தவிர, செய்ய வேண்டியது முதல் கிழமையிலேயே. கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் சட்டத்தரணிகளுக்குத்தான் வருமானம்.

எங்கள் விஷயத்தில் வீட்டுக்காரர் கனடாவில். வீட்டைப் பார்ப்பது அவருடைய அக்கா. பின்னேரம் போய் விறாந்தையில் இருந்தேன். முதல் பத்து நிமிடம் திட்டு வாங்கினேன். "ஐஞ்சு மாசமா ஒரு கோல் இல்லை. காசை விடுங்கோ தம்பி, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. பிறகுதான் உண்மைக் காரணம் வெளியே வந்தது. ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குத் தம்பி குடும்பத்தோடு வருகிறாராம், வந்து தங்க வீடு வேண்டுமாம். அதாவது அவர்களுக்கு வேண்டியது ஐந்து மாதக் காசைவிட, ஒரு திகதிக்கு முதல் சாவி. இதை எந்தச் சட்டத்தரணி கடிதத்திலும் நான் வாசித்திருக்கமாட்டேன்.

பேசி முடிந்தால் அங்கேயே ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் திகதிக்குள் விடுவது, நிலுவையில் எவ்வளவு எப்போது கட்டுவது, அட்வான்சில் எவ்வளவு கழிப்பது, எவ்வளவு திரும்பத் தருவது, வழக்குப் போடமாட்டோம் என்பது. அட்வான்ஸ் கடைசி மாதங்களுக்குக் கழியும் என்று நாமாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிச் சண்டை. ஒப்பந்தத்தில் அப்படி இல்லாவிட்டால் கேட்டுத்தான் கழிக்க வேண்டும்.

பேச்சு சரிவராவிட்டால் இணக்கசபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகள்தான் அவை. பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கூடும். சட்டத்தரணிகள் அங்கே உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். அது ஒரு விதத்தில் நல்லது.

பூட்டை மாற்றிவிட்டார்களா?

எவ்வளவு நிலுவை இருந்தாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பூட்டை உடைத்து, சாமான்களை முற்றத்தில் போட வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. பிஸ்கால் எழுத்தாணையோடு வந்து செய்ய வேண்டிய வேலை அது.

அப்படி நடந்தால் அன்றே பொலிசுக்குப் போய் முறைப்பாடு போடுங்கள். "இது சிவில் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கோ" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். முறைப்பாட்டைப் பதியும்படி பணிவாகக் கேட்டு, இலக்கத்தை வாங்காமல் வராதீர்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், காணி பற்றிய தகராறால் அமைதி குலையும் நிலை என்றால் பொலிசோ நீங்களோ ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். நடைமுறையில் நீதவான்தான் இதை விசாரிப்பார். அங்கே பார்ப்பது யாருக்கு உரித்து என்பதை அல்ல, யார் கையில் வீடு இருந்தது என்பதை. பலவந்தமாக வெளியேற்றப்பட்டது அங்கே போவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருந்தால் திரும்ப உள்ளே விடும்படி கட்டளை வாங்க முடியும். ஆள் ஊரில் இல்லாத வீட்டில் இந்த இரண்டு மாதம் ஒருவருக்கும் தெரியாமலே ஓடிவிடும். அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரை போனில் வைத்திருங்கள் என்கிறேன்.

அவர் போட்ட பூட்டை நீங்கள் போய் உடைக்க வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தது அத்தோடு சரி.

வழக்கு வந்துவிட்டால்

வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த மாவட்ட நீதிமன்றம். யாழ்ப்பாணமா, மல்லாகமா, சாவகச்சேரியா, பருத்தித்துறையா என்று அழைப்பாணையில் இருக்கும். வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ், ஆகவே எல்லாவற்றையும் நீங்களே வாசித்து விளங்கலாம், வாசியுங்கள். குடும்ப வருமானம் குறைவு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளையில் கேட்டுப் பாருங்கள்.

முதல் தவணைக்கு யாராவது போகவே வேண்டும். ஒருவரும் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பு வந்துவிடும். ஆள் வெளிநாட்டில் என்பதை அந்த நாள் ஒருவரும் சொல்லாவிட்டால் நீதிபதிக்கு எப்படித் தெரியும்? அப்படித் தீர்ப்பாகிவிட்டாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாளுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கும்படி விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டில் உள்ள வெளியேறிய முத்திரை, விசா, வேலை ஒப்பந்தம் என்பவை அந்த விண்ணப்பத்துக்கு உயிர். அவற்றின் பிரதியை இப்போதே வாங்கி வையுங்கள், 14 நாள் என்பது கட்டாரிலிருந்து ஒரு கடதாசி வந்து சேரவே சரியாக இருக்கும்.

வீட்டை ஒப்படைக்கிற நாள்

நாங்கள் கடைசியில் வீட்டை விட்டோம். மூன்று மாத நிலுவையைக் கட்டினோம், இரண்டு மாதத்துக்கு அட்வான்சைக் கழித்தார்கள்.

சாமான் ஏற்றுகிற நாளில் வீட்டுக்காரர் தரப்பில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். அறை அறையாகப் படம் எடுங்கள், மின்சார மீற்றரையும் எடுங்கள். எத்தனை பான், எத்தனை பல்ப், உடைந்த ஜன்னல் கண்ணாடி எது என்று பட்டியல் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். மின்சாரக் கணக்கு மச்சான் பெயருக்கு மாற்றியிருந்தால் அதையும் அன்றே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நல்லூருக்கு வந்தவர்களின் ஏசி பில் அவர் பெயரில் வரும்.

சாவி கொடுத்ததற்கு எழுத்து வாங்குங்கள். அந்த அக்கா "சாவி 3 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தந்தார். எடுத்தது நாலு சாவி. நாலாவது மச்சானின் சூட்கேசில், டோகாவில். அதையும் எழுதச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே இன்னொரு வரி எழுதி, திகதி போட்டுத் தந்தார்: "ஒரு சாவி தபாலில் வரும்."